மால்டாவுக்குப் புதிதாக வருகிறீர்களா? ஆகஸ்டில் குளுகுளுவென்று இருக்கும் வீட்டை நம்பாதீர்கள்

"ஜனவரியில்கூடப் பகலில் 15 டிகிரியாம், ஊட்டி மாதிரிதான்" என்று திருநெல்வேலியில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டு விமானம் ஏறியவன் நான். அந்த 15 டிகிரி தெருவில்தான். வீட்டுக்குள் நிலவரம் வேறு என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அலுவல் வேலைகளைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். வாடகை ஒப்பந்தம் வீட்டுவசதி ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் எத்தனை பேர் வசிக்கிறீர்கள் என்பதை மின் கணக்கில் ஏற்றச் சொல்லுங்கள். விட்டால் கூடுதல் விகிதத்தில் பில் வரும். வசிப்பவர்கள் தங்கள் பெயரில் தல்லின்யா அட்டை எடுத்துக்கொண்டால் 2022 அக்டோபரிலிருந்து பஸ் இலவசம். வண்டிகள் நம் ஊர் போலவே இடப்பக்கம் ஓடுகின்றன. அவ்வளவுதான்.

இனி வானிலை. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மழை கிட்டத்தட்ட இல்லை. வெயில் 31, 32 டிகிரி. சில நாட்களில் 40ஐத் தொடும். 1999 ஆகஸ்டில் 43.8 வரை போயிருக்கிறது. தென்கிழக்கிலிருந்து ஷ்லொக் காற்று வீசினால் சஹாரா புழுதியும் புழுக்கமும் சேர்ந்துவரும். இதெல்லாம் நமக்குப் பெரிய விஷயமில்லை. அப்படி ஒரு நாளில்தான் நான் வீடு பார்க்கப் போனேன். தரைத்தளம், பழைய கல் வீடு, உயரமான கூரை. கதவைத் திறந்ததும் கோயில் பிராகாரத்துக்குள் நுழைந்தது போலக் குளிர்ச்சி. தரகர், "ஏசியே வேண்டாம்" என்றார். அன்றே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

அந்தக் குளிர்ச்சிதான் பொறி. இங்கே பழைய வீடுகளைக் கட்டியிருப்பது 'ஃப்ராங்கா' என்ற மஞ்சள் சுண்ணாம்புக் கல்லால். மெத்தென்ற கல், தண்ணீரைப் பஞ்சு போல உறிஞ்சும். ஆண்டு மழை சுமார் 550 மில்லிமீட்டர்தான், ஆனால் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து பிப்ரவரிக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. சுவர் அதைக் குடித்து வைத்துக்கொள்கிறது. வீட்டைச் சூடாக்க எந்த ஏற்பாடும் இல்லை.

டிசம்பரில் உப்பு ஜாடியில் தண்ணீர் நின்றது. அப்பளம் வெற்றிலை மாதிரி வளைந்தது. தோசை மாவு மூன்று நாளானாலும் அசையவில்லை. துவைத்த சட்டை நான்காம் நாளும் ஈரம். அதன் வாடையோடு வேலைக்குப் போனேன். ஜனவரியில் டிக்கெட் மலிவு என்று அப்பா அம்மாவை வரவழைத்தது அடுத்த முட்டாள்தனம். அம்மா வீட்டுக்குள் ஸ்வெட்டர் போடுவாள், தெருவுக்கு வந்ததும் கழற்றுவாள். அப்பா பழைய படம் ஒன்றைப் பார்த்துவிட்டு பக்கத்துத் தீவான கோஸோவின் வளைவுப் பாறையைக் கேட்டார். அது 2017 மார்ச் 8 அன்று புயலில் கடலோடு போய்விட்டது என்றேன். சரி, தீவையாவது காட்டலாம் என்று கிளம்பினால், வடகிழக்கிலிருந்து கிரிகால் காற்று. தலைநகர் வலெட்டாவிலிருந்து போகும் விரைவுப் படகு ரத்து.

குளிர் தாங்காமல் உருளை வைத்த கேஸ் ஹீட்டர் வாங்கினேன். இங்கேதான் பணம் போனது. கேஸ் எரிந்தால் வெறும் சூடு மட்டும் வராது, நீராவியும் வரும். ஒரு கிலோ கேஸுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர். ஜன்னலை அடைத்து இரவெல்லாம் எரித்தேன் (அது எவ்வளவு ஆபத்து என்று பிறகுதான் உறைத்தது). காலையில் சுவர் வியர்த்து வழிந்தது. ஒரு வாரத்தில் அலமாரிக்குப் பின்னால் கரும்பூசணம். அம்மாவின் அரக்குப் பட்டுப் புடவையைப் பிரித்தால் மடிப்புக்கு மடிப்பு சாம்பல் நிறப் புள்ளிகள். அவள் ஒன்றும் சொல்லவில்லை; விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைத்தாள். திட்டியிருக்கலாம்.

பக்கத்து வீட்டு மூதாட்டிதான் காப்பாற்றினார். "உம்தித்தா" என்று சுவரைத் தட்டிக் காட்டினார். ஈரப்பதம் என்று அர்த்தம். ஹீட்டரை நிறுத்தி, காற்றின் ஈரத்தை இழுக்கும் கருவியை வாங்கச் சொன்னார். முதல் இரவிலேயே அதன் தொட்டி நிரம்பித் தானாக நின்றுவிட்டது. வடமேற்கு மயிஸ்ட்ரால் வீசும் நாளில் ஜன்னல்களைத் திற, தெற்குக் காற்றில் மூடு என்பதும் அவர் பாடம்தான். இங்கே எல்லா வீட்டுக்கும் நம் ஊர் போல மொட்டைமாடி உண்டு. அம்மாவும் அவரும் மொழி தெரியாமலேயே மாடி வெயிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டைக் காலி செய்தபோது, "நீங்கள் காற்றோட்டம் விடவில்லை" என்று உரிமையாளர் முன்பணத்தைப் பிடித்துக்கொண்டார். குடியேறிய அன்று சுவரைப் படம் எடுத்து வைக்காதது என் தவறு.

ஆகவே வீடு பார்க்கும்போது அலமாரியை நகர்த்தி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். சுவரின் அடியில் புது வண்ணம் மட்டும் ஒரு பட்டையாக இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். இரண்டாம் மாடிக்கு மேல், தெற்குப் பார்த்த ஜன்னல், சூடும் தரும் ஏசி: இப்படி ஒரு வீடாகத் தேடுங்கள். ம்சிதா, பிர்கிர்காரா ஆகிய ஊர்களின் பள்ளமான தெருக்களில் மழைவெள்ளம் வேறு ஓடும். சான்றிதழ்களைத் தகரப் பெட்டியில் வையுங்கள், சுவரோரம் வேண்டாம்.

பெற்றோரை மே கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வரவழையுங்கள். அக்டோபரில் கடல் இன்னும் இதமாக இருக்கும். இந்த முறை மே மாதத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். பட்டு வேண்டாம், சுங்கடி போதும் என்று அம்மாவே சொல்லிவிட்டாள்.