ஆப்பிரிக்கச் சிற்பத்தை மேலைச் சிற்பத்தோடு ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்பாலான ஒப்பீடுகள் இணை சேர்க்கும்போதே பிசகிவிடுகின்றன. காபோன் பகுதி ஃபாங் மக்களின் மரச்சிலையை ஒரு பக்கமும் மைக்கலாஞ்சலோவின் தாவீதை மறுபக்கமும் வைத்து, ‘அது சடங்குக்கு, இது அழகுக்கு’ என்று முடித்துவிடுவார்கள். தாவீதே ஃபுளோரன்ஸ் பேராலயத்துக்காகச் செதுக்கத் தொடங்கிய சிலைதான்.

ஃபாங் சிலை, முன்னோரின் மண்டையோடுகளை வைத்த மரப்பட்டைப் பெட்டியின் மேல் காவலாக இருந்தது. அதற்குச் சரியான இணை, பிரான்சின் கோங்க் ஊரில் இருக்கும் புனித ஃபுவா சிலை. மரத்தின் மேல் பொன்தகடு போர்த்தி, உள்ளே அந்தப் புனிதையின் மண்டையோட்டு எச்சத்தை வைத்திருக்கிறார்கள். அதற்கும் உடலை மீறிய பெரிய தலை! இந்த இரண்டையும் அருகருகே வைத்தால் கேட்க வேண்டியவை தாமாகவே வரும். எலும்பு சிலைக்குள்ளா, கீழே பெட்டியிலா? சிலையை யார் தொடலாம்? பெட்டியைக் கழற்றிவிட்டுச் சிலையை மட்டும் அருங்காட்சியகப் பீடத்தில் நிறுத்தினால் எது விட்டுப்போகிறது?

அளவு விகிதத்தைக் கைத்திறன் குறையாக வாசிப்பதும் அடிக்கடி நேர்வது. கிரேக்கச் சிலையில் தலை மொத்த உயரத்தில் ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கு. தென்மேற்கு நைஜீரியாவிலும் அதையொட்டிய பகுதிகளிலும் வாழும் யொரூபா மக்களின் மரச்சிலைகள் பலவற்றில் மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்கு. மனிதரின் விதி ‘ஒரி’ எனப்படும் தலையில் இருக்கிறது என்பது யொரூபா நம்பிக்கை; தலை பெரிதானது அதனால்தான். உள்ளது உள்ளபடி வடிக்க அவர்களுக்குத் தெரியாதா என்றால், அதே யொரூபா நிலத்தின் இஃபே நகரில் 1938இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த உலோகத் தலைகளைப் பார்க்கலாம். அதற்கு முன்பே, 1910இல் அங்கே போன ஜெர்மானியர் லியோ ஃப்ரோபேனியஸ், இஃபே சிற்பங்களை உள்ளூர்க்காரர்களின் மரபாக ஏற்க மனமில்லாமல் கடலில் மூழ்கியதாகக் கிரேக்கர் சொன்ன அட்லாண்டிஸ் தீவின் கதையைத் துணைக்கு அழைத்தார்.

பெயரிலும் கவனம் வேண்டும். ‘பெனின் வெண்கலங்கள்’ எனப்படும் பெனின் அரசின் உலோகத் தகடுகளும் தலைகளும் பெரும்பாலும் பித்தளை. 1897இல் பிரிட்டிஷ் படை அவற்றைக் கொள்ளையடித்த பெனின் நகரம் இருப்பது நைஜீரியாவில், பெனின் குடியரசில் அல்ல. ‘சிற்பி பெயர் தெரியாது’ என்று எல்லாவற்றுக்கும் எழுதுவதும் சோம்பல்தான். யொரூபா நிலத்தின் இக்கெரே அரண்மனைக் கதவைச் செதுக்கியவர் ஒலோவே என்ற சிற்பி, 1938இல் இறந்தார்.

காலக் குழப்பம் வேறு. கரையானும் ஈரமும் மரத்தை விட்டுவைப்பதில்லை. இன்று அருங்காட்சியகங்களில் உள்ள ஆப்பிரிக்க மரமுகமூடிகளில் பெரும்பாலானவை 19, 20ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. 1907இல் பாரிஸ் திரொக்கதெரோ அருங்காட்சியகத்தில் ஓவியர் பிகாசோ பார்த்த ஆப்பிரிக்க முகமூடிகளை ‘பழங்காலக் கலை’ என்று எழுதுமுன் செய்த ஆண்டைத் தேடுங்கள்.

கடைசியாக, முகமூடியை எந்தக் கோணத்தில் படம் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். யொரூபா மக்களின் கெலெடே என்ற முகமூடி ஆட்டத்தில் முகமூடி ஆடுபவரின் உச்சந்தலையில் உட்காரும். அவர் முகத்தைத் துணி மறைக்கும். கண்ணாடிப் பெட்டியில் கண்ணுக்கு நேராக நிமிர்த்தி எடுத்த படத்தை மட்டும் நம்பினால், அதை முகத்தில் கட்டுவதாகவே நினைத்துக்கொள்வோம்.