“எத்தனை மாசம்மா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள்

போன வாரம் ஆந்திர எல்லையில் நகரி பக்கம் ஒரு தறித் தெருவில், புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களோடு வீடு வீடாகப் போனேன். கர்ப்பிணிகள் என்ன சாப்பிடுகிறார்கள், குழந்தை என்ன எடையில் பிறக்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வு. மூன்றாவது வீட்டில் ஒருத்தி, “எத்தனை மாசம்மா?” என்று கேட்டாள். “ஏழு” என்று பதில் வந்தது. படிவத்தில் 28 வாரம் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். எனக்கு அடிவயிறு கலங்கியது. 2017இல் நானும் இதையேதான் செய்தேன்.

ஒப்புதல் கையெழுத்து வாங்குவது, எடைக் கருவியைச் சமதரையில் வைப்பது போன்றவை பயிற்சியிலேயே வந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மாமியார் எதிரில் சாப்பாட்டைக் கேட்காதீர்கள்

கேட்டால் பாலும் பழமும்தான் வரும். மாமியார் மாவு அரைக்கப் போகும் நேரம் பார்த்துப் போங்கள்.

“ஒரு உருண்டை” என்று எழுதாதீர்கள்

சித்தூர் பக்கம் கேழ்வரகுக் களி இல்லாத வீடு குறைவு. சங்கடி என்றும் சொல்வார்கள். நேற்று என்ன சாப்பிட்டாய் என்றால் “ஒரு உருண்டை, கீரைக் கடைசல்” என்பார்கள். அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் உருண்டையைத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்று 190 கிராம், மற்றது 410. இரண்டையும் ஒன்று என்று எழுதினால் மாவுச்சத்துக் கணக்கு மட்டுமல்ல, சுண்ணாம்புச் சத்துக் கணக்கும் பாழ். கேழ்வரகு மாவில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது; பால் அதிகம் குடிக்காத பெண்ணுக்கு இதுதான் பெரிய வழி. அதனால் பையில் சமையல் தராசு இருக்கட்டும். அவள் வீட்டுக் கரண்டியிலேயே தண்ணீர் மொண்டு அளந்து பாருங்கள்.

அப்புறம், ஒரே ஒரு நாளைக் கேட்டுவிட்டு முடிக்காதீர்கள். புரட்டாசி சனிக்கிழமைக்கு மறுநாள் போனால் தெருவில் யாருமே முட்டை சாப்பிடுவதில்லை என்று எழுதிக்கொண்டு வருவீர்கள்.

மாதக் கணக்கை நம்பி வாரத்தை எழுதாதீர்கள்

நான் நிறையச் சொல்ல வேண்டியது இங்கேதான். ஏனென்றால் இந்தத் தவறு பிறகு எந்தக் கணிதத்தாலும் சரியாவதில்லை.

ஒரு குழந்தை 2,310 கிராமில் பிறக்கிறது. 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை. ஆனால் ஏன் குறைந்தது? 37 வாரம் நிறையும் முன்னால் பிறந்ததாலா, நாள் நிறைந்தும் வயிற்றுக்குள் வளராமல் போனதாலா? முன்னது குறைப்பிரசவம். பின்னது வளர்ச்சிக் குறை. தாய் என்ன சாப்பிட்டாள், கர்ப்பத்துக்கு முன் அவள் எடை என்ன, எத்தனை மணி நேரம் நின்று வேலை செய்தாள் என்ற கேள்விகள் அங்கே முதலில் எழ வேண்டும். இந்த இரண்டு குழந்தைகளையும் பிரித்துக் காட்டுவது ஒரே ஒரு தேதி. கடைசி மாதவிலக்கின் முதல் நாள்.

அந்தத் தேதியை நம் பெண்கள் அப்படியே சொல்வதில்லை. ஒருத்தி “தலைக்கு ஊத்திக்கிட்டது” என்று ஒரு நாள் சொல்வாள். அது மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ குளித்த நாள். இன்னொருத்தி “தள்ளிப்போச்சு” என்று ஒரு தேதி சொல்வாள். அது அடுத்த மாதவிலக்கு வந்திருக்க வேண்டிய நாள். ஏறக்குறைய நான்கு வாரம் தள்ளி நிற்கிறது. “முழுகாம இருக்கேன்னு தெரிஞ்சது” என்று மூன்றாமவள் சொல்வது, பரிசோதனை செய்த நாள். மூன்று பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். கேள்வி ஒன்றாக இருந்ததுதான் பிழை.

இனி அந்த “ஏழு”. ஏழு நடக்கிறதா, முடிந்ததா? நடக்கிறது என்றால் ஆறு மாதம்தான் முடிந்திருக்கிறது. அது 26 வாரத்தை ஒட்டி வரும். ஏழும் முடிந்தது என்றால் 30 வாரத்தை ஒட்டி. ஏழை நான்கால் பெருக்கி 28 என்று எழுதினால் இரண்டிலும் சேராது. வளைகாப்பு ஏழிலோ ஒன்பதிலோ என்று குறித்த வீட்டில், பேச்சில் வரும் மாதம் சடங்குக்கு ஏற்றபடி ஒன்று கூடியும் இருக்கும்.

இதற்கெல்லாம் மேலே எல்லைக்கே உரிய ஒரு சிக்கல். அதில்தான் நான் விழுந்தேன். நம் ஆடி சூரியக் கணக்கு. ஜூலை நடுவில் பிறக்கும். தெலுங்கு ஆஷாடம் சந்திரக் கணக்கு. அமாவாசை கழிந்து தொடங்கும், ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். இரண்டிலும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் இரண்டு மொழியும் புழங்கும் வீட்டில் ஆஷாடத்தையும் ஆடி என்றே சொல்லிவிடுகிறார்கள். 2017இல் ஆஷாடம் ஜூன் கடைசி வாரத்திலேயே தொடங்கிவிட்டது.

இரண்டாவது குழந்தையைச் சுமந்த ஒரு பெண், “ஆடி பொறந்த மறுநாள்க்கா” என்றாள். நல்ல ஞாபகம், தேதியே சொல்கிறாள் என்று சந்தோஷப்பட்டு ஜூலை 18 என்று குறித்தேன். அவள் தலைக்கு மேலே சுவரில் தொங்கியது தெலுங்குக் காலண்டர். அதைப் பார்த்தும் கேட்கவில்லை. மார்ச் கடைசியில் குழந்தை 2,310 கிராமில் பிறந்தது. என் கணக்கில் 35 வாரம் 5 நாள். குறைப்பிரசவம், வயதுக்கு ஏற்ற எடை என்று பதிவாகிவிட்டது.

பிறகு குழந்தையைப் பார்க்கப் போனபோது என் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: “பத்து மாசமும் சுமந்துதானே பெத்தேன், குறைமாசம்னு ஏன்க்கா எழுதியிருக்கீங்க?” துணிக்கடைப் பை ஒன்றை எடுத்து வந்தாள். ரத்தச் சோதனைச் சீட்டுகளுக்கு அடியில் நான்காக மடித்த ஸ்கேன் தாள். செப்டம்பர் முதல் வாரத்தில் எடுத்தது. அப்போதே 10 வாரம். அவள் சொன்ன ஆடி, தெலுங்கு ஆஷாடம். அப்படியென்றால் குழந்தை பிறந்தது ஏறத்தாழ 39 வாரத்தில். அது குறைப்பிரசவமே இல்லை, வயிற்றுக்குள் வளராமல் போன குழந்தை. அவளுடைய சாப்பாட்டுப் படிவத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். காலையில் டீ, பதினொரு மணிக்குக் களி, ராத்திரி ரசம் சோறு, எட்டாம் மாதம் வரை தறி. நாங்கள் தேடிப் போன பெண்ணே அவள்தான். அவளைத்தான் நான் வேறு பட்டியலில் சேர்த்திருந்தேன். இப்படி எத்தனை பேர் என்று பார்க்க மூன்று மாதம் எல்லாப் பதிவுகளையும் திரும்பப் புரட்டினோம். ஸ்கேன் தாளைத் தொலைத்தவர்களைக் கணக்கிலிருந்தே விட வேண்டியதாயிற்று. அந்த வருத்தமும் எரிச்சலும் இன்னும் போகவில்லை.

எனவே, மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: எந்த நாள் வந்தது, எந்த நாள் தலைக்கு ஊற்றியது, எந்த நாள் வராமல் போனது. இரண்டு காலண்டரையும் கையில் கொண்டுபோங்கள். “திருத்தணி ஆடிக் கிருத்திகைக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டால் இந்தப் பக்கம் பலருக்கும் பளிச்சென்று ஞாபகம் வரும். 14 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன் இருந்தால் அந்தத் தாளை நீங்களே பாருங்கள். அது சொல்லும் நாளில் ஒரு வாரத்துக்கு மேல் பிசகு வருவது அபூர்வம். கடைசி மாதங்களில் எடுத்த ஸ்கேனை வைத்து வாரம் கணக்கிடாதீர்கள். வளராத குழந்தையை அது இளைய குழந்தை என்று காட்டிவிடும். வாரம் எதிலிருந்து வந்தது என்பதற்குப் படிவத்தில் தனிக் கட்டம் வேண்டும்.

எல்லா ரத்தசோகையையும் இரும்புச் சத்தில் கட்டாதீர்கள்

1928இல் லூசி வில்ஸ் என்ற மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை செய்த பெண்களுக்குக் கர்ப்பத்தில் வந்த கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்ததும் பெண்கள் தேறினார்கள். அதில் இருந்த பொருள் ஃபோலிக் அமிலம் என்று பின்னாளில் தெரிந்தது. அன்றும் நூல் தெருப் பெண்கள், இன்றும் நூல் தெருப் பெண்கள். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைவு என்று மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். குறைவது ஃபோலிக் அமிலமா, வைட்டமின் பி12ஆ என்றும் பாருங்கள்.

நடுக் கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகி ஹீமோகுளோபின் தானே இறங்கும். மூன்றாம் மாத அளவையும் ஆறாம் மாத அளவையும் நேராக ஒப்பிட்டு “இரும்புச் சத்து மாத்திரை வேலை செய்யவில்லை” என்று முடிவு கட்ட வேண்டாம். விரலைப் பிழிந்தும் ரத்தம் எடுக்காதீர்கள். திசுநீர் கலந்து அளவு குறையும்.

மாத்திரை

180 மாத்திரை கொடுத்தார்கள் என்பது கொடுத்த கணக்கு. அட்டையை வாங்கி, மிச்சத்தை எண்ணுங்கள்.

வளைகாப்பில் தொடங்காதீர்கள்

கருவின் நரம்புக் குழாய் கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போது தள்ளிப்போனதே தெரியாது. மும்பைக் குடிசைப் பகுதிகளில் கீரை, பழம், பால் சேர்த்த பண்டத்தைப் பெண்களுக்குக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே கொடுத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2014இல் முடிவு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் குழந்தைகளின் எடை கூடவில்லை. கர்ப்பத்துக்கு முன் மூன்று மாதமாவது அது கிடைத்தவர்களிடம் மட்டும் சற்றுக் கூடியிருந்தது. புதிதாகக் கல்யாணமான வீடுகளையும் பட்டியலில் சேருங்கள்.

இரண்டரை கிலோ

பிரசவ அறைப் பதிவேட்டில் 2.5, 3.0 என்று வரிசையாக இருந்தால் அது தராசு சொன்னது அல்ல. முதல் மணி நேரத்துக்குள், துணியில்லாமல், கிராமில். இரண்டு மூன்று நாள் கழித்து நிறுத்தால் குழந்தை ஏற்கெனவே கொஞ்சம் இளைத்திருக்கும். அந்த எடையைப் பிறந்த எடை என்ற கட்டத்தில் எழுதாமல், எந்த நாள், எந்த மணி என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.