மூட்டையும் பலகையும்: வேலைக் கணக்கு போடும் முறை

சூத்திரத்தைத் தொடும் முன் ஒரு கேள்வி: பொருள் நகர்ந்ததா? டியூஷனில் நான் முதலில் கேட்பது இதைத்தான். தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நில்லுங்கள். கை வலிக்கும், ஆனால் குடத்தின் மேல் செய்த வேலை பூஜ்யம். வேலை என்பது விசை × அந்த விசையின் திசையில் நகர்ந்த தூரம். 'திசையில்' என்பதை மறந்துதான் பாதிப்பேர் மார்க்கைக் கோட்டை விடுகிறார்கள்.

இப்போது 50 கிலோ அரிசி மூட்டையை 1 மீட்டர் உயர வண்டியில் ஏற்றுவோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என வைத்தால் எடை 500 நியூட்டன். நேராகத் தூக்கினால் 500 × 1 = 500 ஜூல் வேலை. 4 மீட்டர் பலகையைச் சாய்த்து அதன்மேல் தள்ளினால் 125 நியூட்டன் போதும். ஆனால் 4 மீட்டர் தள்ள வேண்டும். பெருக்கிப் பாருங்கள், அதே 500. இது உராய்வே இல்லாத பலகைக்கு. நிஜத்தில் சாக்கு பலகையோடு மல்லுக்கட்டும், வேலை கூடும். டிரம்மை இழுக்காமல் உருட்டி ஏற்றுவது அதனால்தான்.

கிணற்றுக் கப்பி விசையைக் குறைக்காது. இழுக்கும் திசையை மட்டும் மாற்றும்.

நெம்புகோலுக்கு 30 செ.மீ. ஸ்கேல் போதும். 15-ல் பென்சிலை அடியில் வையுங்கள். 10-ல் இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்கள், 25-ல் ஒன்று. இருபக்கமும் எடை × தூரம் ஒன்றே (2 × 5 = 1 × 10), அதனால் சமநிலை வரும். தூரத்தைப் பென்சிலிலிருந்து அளக்க வேண்டும், ஸ்கேலின் நுனியிலிருந்து அல்ல.