பனியை மழையாக்கினால் மட்டும் அது நம்ம ஊர்க் கதை ஆகிவிடாது

டிசம்பர் பிறந்தால் பழைய தேவதைக் கதைகளை நம் காலத்துக்கு மாற்றி எழுதும் ஆசை பலருக்கு வந்துவிடுகிறது. கடலூரில் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு வரும் இப்படிப்பட்ட கதைகளைச் சில வருஷமாக வாசித்துத் திருத்திக் கொடுக்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள், ஊர்ப் பெயரையும் உடுப்பையும் மாற்றியதோடு வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள்.

1845-இல் டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் எழுதிய தீக்குச்சி விற்கும் சிறுமியையே எடுத்துக்கொள்வோம். போன வருஷம் வந்த ஒரு கதையில் அவள் தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுண்டல் விற்கிறாள், பனிக்குப் பதில் மழை, மற்றதெல்லாம் அப்படியே. விற்கிற பொருளே அவளுக்கு வெளிச்சமும் சூடுமாக ஆவதுதான் அந்தக் கதையின் உயிர், சுண்டல் என்றதும் அது போய்விட்டது. அப்புறம், மூலத்தில் அவளுக்கு வீடு உண்டு. எதுவும் விற்காமல் போனால் அப்பா அடிப்பார் என்றுதான் சுவரோரம் ஒடுங்கி உட்கார்கிறாள். அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது குளிர் மட்டும்தான், அதுவும் நம் பிள்ளைகள் அறியாத குளிர்.

கதை நடப்பது கிறிஸ்துமஸ் ராத்திரியிலும் இல்லை, வருஷத்தின் கடைசி ராத்திரியில். கடலூர்க்காரர்களுக்கு அப்படி ஒரு ராத்திரி இருக்கிறது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையைக் கடந்தது, மறுநாள் புத்தாண்டு ராத்திரி, தெருவெல்லாம் கரண்ட் இல்லாத இருட்டு. அங்கே அவளை நிறுத்திப் பாருங்கள். எல்லோருக்கும் தீப்பெட்டி வேண்டும், ஆனால் அவளிடம் இருப்பதெல்லாம் நமத்துப்போனது, உரசினால் மருந்துதான் வழித்துக்கொண்டு வருகிறது. ஏதோ ஒன்றிரண்டு பற்றும், அவ்வளவுதான்.

மூலத்தில் அவள் குளிரில் விறைத்துச் செத்துப்போகிறாள், அந்த முடிவை மாற்றலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக மாற்றலாம். ஆனால் கடைசிப் பக்கத்தில் திடீரென்று ஒரு கார் வந்து நிற்க வேண்டாம், காப்பாற்றப் போகிறவர் முதல் பக்கத்திலேயே அவளைப் பார்த்தும் பார்க்காமல் கடந்து போயிருக்க வேண்டும்.

மேடையில் பார்த்ததை மூலம் என்று நம்பிவிடுவதும் உண்டு. பாதாம், வால்நட் உடைக்கும் மரப்பொம்மை உயிர் பெறும் நட்கிராக்கர் கதையின் நாயகிக்கு 1892 பாலே நாடகத்தில்தான் கிளாரா என்று பெயர். 1816-இல் ஜெர்மன் எழுத்தாளர் ஹாஃப்மன் எழுதிய மூலத்தில் அவள் மாரி, கிளாரா என்பது அவளுடைய பொம்மை.

என்னைக் கேட்டால், ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் செருப்புத் தைப்பவர் கதையை எடுங்கள் என்பேன், அதன் முடிவு கிறிஸ்துமஸை ஒட்டியே நடக்கிறது. புதுச்சேரியில் டிசம்பர் மூன்றாம் வாரத்துத் தையல் கடை ஒன்றில் வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் குட்டி மனிதர்கள் ராத்திரியில் வந்து தைத்துக் கொடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் உடம்பில் துணியே இல்லை என்று மூலத்தில் கவனிப்பது செருப்புத் தைப்பவரின் மனைவி. அவர் உட்கார்ந்து அந்தச் சின்னச் சட்டைகளைத் தைக்கிற பக்கத்தை மட்டும் வெட்டவே வெட்டாதீர்கள்.