ஆறிய களியும் காய்ந்த இரும்புச் சட்டியும்: அமெரிக்க எல்லைப்புற மக்காச்சோளச் சமையல்

18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அப்பலாச்சிய மலைகளைத் தாண்டி மேற்கே நகர்ந்த குடியேறிகளின் வீடுகளில் இரவு களி கிண்டும்போதே மறுநாள் காலை வறுவலுக்கும் சேர்த்துத்தான் உலை வைப்பார்கள். மிச்சம் வேண்டுமென்றே மிச்சமாக்கப்பட்டது. வறுத்த களியை வைத்துப் பார்த்தால், முதல் நாள் களியை வெறும் முன்தயாரிப்பு என்றே சொல்லிவிடலாம்.

மக்காச்சோளம் அங்கே முதல் பயிரானதற்குக் காரணம் எளிமையானது. மரத்தை வெட்டிச் சாய்த்தபின் அடிக்கட்டைகளைப் பிடுங்காமலே, இடையில் குழி பறித்து விதை போட்டால் விளைந்துவிடும். கோதுமைக்கு உழுத நிலம் வேண்டும், அரைக்க மில் வேண்டும். மக்காச்சோளத்தைக் குடைந்த மரக்கட்டையில் போட்டு இடித்தாலே போதும். விதைப்பது முதல் சாம்பல் நீரில் வேகவைப்பது வரை எல்லாமே அந்த மண்ணின் பூர்வகுடிகளிடமிருந்து கற்றுக்கொண்டவை.

கீழே வரும் பண்டங்கள் பெரும்பாலும் மூன்று விஷயங்களில் நிற்கின்றன: மாவு முழுமையாக வேக வேண்டும், வெந்தது முழுமையாக ஆற வேண்டும், சட்டியில் போட்டதை நோண்டக் கூடாது. சொதப்பல்களில் முக்கால்வாசி இந்த மூன்றில் ஒன்றை அவசரப்படுத்துவதால் வருபவை.

மாவு

வெள்ளையாக, பவுடர் போல இருக்கும் கார்ன்ஃப்ளோர் வெறும் ஸ்டார்ச். அதை வைத்துக் களி கிண்டினால் பசைதான் கிடைக்கும். நமக்கு வேண்டியது முற்றிக் காய்ந்த மணியை அரைத்த மாவு, ரவைப் பதத்தில். மணியின் தலையில் குழி விழுந்திருக்கும் டென்ட் வகையோ, கல் போல இறுகியிருக்கும் ஃபிளின்ட் வகையோ சரி. ஸ்வீட் கார்ன் இதற்கு உதவாது. அதில் சர்க்கரை அதிகம், ஸ்டார்ச் குறைவு.

கல்லில் அரைத்த மாவில் முளைக்கருவும் சேர்ந்திருப்பதால் மணமும் ருசியும் கூடுதல். ஆனால் முளைக்கருவில் எண்ணெய் உண்டு, அது சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் மாவு போய்விட்டது, எதைச் சேர்த்தாலும் அந்தக் கசப்பு மறையாது. வாங்கியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைப்பது நல்லது. முளைக்கரு நீக்கிய மில் மாவு மாதக்கணக்கில் கெடாது, ருசி மட்டும் ஒரு படி குறைவு.

களி

மாவு 1 கப் (150 கிராம்), தண்ணீர் 900 மில்லி, உப்பு 1 டீஸ்பூன். தண்ணீரில் கால் பங்கை எடுத்து, பச்சைத் தண்ணீராகவே மாவைக் கரைத்துக்கொள்ளுங்கள். மீதித் தண்ணீரை உப்புப் போட்டுத் தளதளவெனக் கொதிக்க விட்டு, கரைத்ததை ஊற்றியபடியே கிண்டுங்கள். உலர்ந்த மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் ஒவ்வொரு உருண்டையின் வெளிப்புறமும் உடனே வெந்து தோல் கட்டிவிடும். உள்ளே தண்ணீர் போகாது. கட்டி தட்டுவதற்குக் காரணம் இதுதான். ஒருமுறை தட்டிவிட்டால் பிறகு எவ்வளவு கிண்டினாலும் முழுதாகக் கரையாது.

கெட்டியானதும் தீயை மிகவும் தணித்து, மூடி போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை கிண்டிவிட்டு 35 முதல் 40 நிமிடம் வேக விடுங்கள். பத்தாவது நிமிடத்திலேயே கெட்டியாகி, வெந்துவிட்டது போலத் தெரியும். நம்பாதீர்கள். ஒரு துளியை எடுத்து முன்பற்களுக்கு நடுவே கடித்தால் நறநறக்கும். அந்த நறநறப்பு போகும்வரை மாவு தண்ணீர் குடித்து முடிக்கவில்லை என்று பொருள். அரைவேக்காட்டுக் களி மறுநாள் துண்டு போடும்போதே உதிரும். கிண்டும் கரண்டி நீளமாக இருக்கட்டும். இந்தக் களியில் எழும் குமிழி வெடித்து மணிக்கட்டில் தெறித்தால் ஒட்டிக்கொண்டு சுடும்.

வெந்ததும், சாப்பிட வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியைச் சூடாக இருக்கும்போதே வெண்ணெய் தடவிய நீள்சதுர பிரெட் டின்னில் ஊற்றி, டின்னைத் தட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். மேலே பட்டர் பேப்பரை ஒட்டினாற்போல் மூடினால் ஏடு கட்டாது. ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜில் ஒரு இரவு இருக்கட்டும். ஆற ஆற ஸ்டார்ச் இழைகள் ஒன்றையொன்று மறுபடி பற்றிக்கொண்டு இறுகும். இரண்டு மணி நேரம் வைத்து எடுத்தால் வெளியே இறுகி, நடுவில் குழைந்தே இருக்கும். அதைச் சட்டியில் போட்டால் வழிந்துவிடும்.

களியை வறுப்பது

டின்னிலிருந்து கவிழ்த்து, ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டுங்கள். மெல்லியதாக வெட்டினால் உள்ளே குழைவே இல்லாமல் வறட்டியாகிவிடும், தடிமனாக வெட்டினால் நடுப்பகுதி சூடேறாது. கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ஒட்டாது. துண்டுகளின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, கோதுமை மாவிலோ மக்காச்சோள மாவிலோ லேசாகப் புரட்டுங்கள். ஈரம் இருக்கும்வரை கொழுப்பின் சூடு அந்த நீரை ஆவியாக்கவே செலவாகும். நிறம் பிடிக்காது, தெறிப்பும் அதிகம்.

வார்ப்பிரும்புச் சட்டியை மிதமான தீயில் நன்றாகக் காயவிட்டு, பேக்கன் எனும் உப்பிட்ட பன்றிக்கண்டத்தை வறுத்து வடிந்த கொழுப்பை அடி முழுதும் பரவும் அளவுக்கு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரம், ஊற்றுங்கள். பழைய முறையில் இதுதான் எண்ணெய். மேற்கே போன வண்டிகளில் பன்றிக்கண்டத்தைப் பெட்டியில் வைத்துச் சுற்றிலும் தவிடு அடைத்துக்கொண்டு போனார்கள், பாலைவெயிலில் கொழுப்பு உருகி ஓடிவிடாமல் இருக்க. பன்றிக்கொழுப்பு ஆகாதவர்கள் நெய் பயன்படுத்தலாம். வெறும் வெண்ணெய் வேண்டாம். அதிலுள்ள பால் கசடு, களி முறுகுவதற்குள் கருகிவிடும்.

துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்கியபின் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். முதலில் சத்தம் பலமாக இருக்கும், பிறகு மெல்லத் தணியும், ஓரங்களில் மஞ்சள் மாறிப் பழுப்பு ஏறும். அதற்கு எட்டு முதல் பத்து நிமிடம் ஆகும். அப்போது தோசைத்திருப்பியை அடியில் கொடுத்தால் தானாகவே விடுபட்டு வரும். வரவில்லை என்றால் முறுகல் இன்னும் உருவாகவில்லை. சுரண்டினால் முறுகல் சட்டியிலும் களி கையிலுமாகப் பிரியும். மறுபுறத்துக்கும் ஏறக்குறைய அதே நேரம். மேப்பிள் பாகு, அல்லது 1850களுக்குப் பிறகு அங்கே பரவிய சோர்கம் கரும்பின் பாகு இதற்குப் பழைய துணை. உப்புக்கண்டத்தோடு சாப்பிடுவதும் உண்டு, இரண்டும் சேர்ந்தால் இன்னும் மேல்.

பென்சில்வேனியாவின் ஜெர்மானியக் குடியேறிகள் இதே களியைத் தண்ணீருக்குப் பதில் பன்றித்தலை வேகவைத்த சாற்றில் கிண்டி, உதிர்த்த இறைச்சியும் சேஜ் இலையும் மிளகும் சேர்த்து இறுக்கி, ஸ்கிராப்பிள் ஆக்கினார்கள். வறுக்கும் விதி மாறவில்லை. இறைச்சி இருப்பதால் இன்னும் எளிதாக உடையும், அதனால் ஒரே முறைதான் திருப்ப வேண்டும்.

ஹோகேக்

களி கிண்ட நேரமில்லாத நாளுக்கு இந்த மக்காச்சோள மாவு அடை. ரோட் ஐலண்டில் ஜானிகேக் என்ற பெயரில் வெள்ளை ஃபிளின்ட் மாவில் செய்வார்கள். மவுண்ட் வெர்னன் பண்ணைவீட்டில் ஜார்ஜ் வாஷிங்டனின் காலை உணவு, வெண்ணெயும் தேனும் ஊறிய ஹோகேக் என்று குடும்பத்தார் எழுதி வைத்திருக்கிறார்கள்.

வெள்ளை மக்காச்சோள மாவு 1 கப், உப்பு அரை டீஸ்பூன் சேர்த்து, நன்றாகக் கொதிக்கும் தண்ணீர் 1 கப் ஊற்றிக் கிளறி, பத்து நிமிடம் மூடி வையுங்கள். பிறகு கரண்டியிலிருந்து தொப்பென்று விழும் பதம் வரும்வரை பால் சேருங்கள், கால் முதல் அரை கப் பிடிக்கும். கொழுப்பு தடவிய சட்டியில் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஊற்றி, முதல் பக்கம் ஆறு நிமிடம், மறுபக்கம் நான்கைந்து நிமிடம். கொதிநீர்தான் இங்கே எல்லாம். மக்காச்சோளத்தில் பிடித்து நிற்க குளூட்டன் கிடையாது. கொதிநீர் பட்டு ஸ்டார்ச்சில் ஒரு பகுதி வெந்து பசையானால்தான் அடை ஒன்றாக நிற்கும். ஆறின வெந்நீரை ஊற்றிவிட்டு, திருப்பும்போது நொறுங்குகிறதே என்று மாவைக் குறை சொல்லிப் பயனில்லை.

சட்டி ரொட்டியும் அதன் மிச்சமும்

மாவு 2 கப், உப்பு 1 டீஸ்பூன், சமையல் சோடா 1 டீஸ்பூன், புளித்த கெட்டி மோர் 2 கப், முட்டை 2, உருக்கிய கொழுப்பு 3 டேபிள்ஸ்பூன். 25 சென்டிமீட்டர் இரும்புச் சட்டியில் கொழுப்பை ஊற்றி, 220 டிகிரி செல்சியஸ் அவனில் சட்டியைக் காயவிடுங்கள். மற்றதைக் கலந்து, சூடான கொழுப்பில் பெரும்பகுதியை அதில் சேர்த்துக் கலக்கி, உடனே சட்டியில் ஊற்றுங்கள். ‘சுர்ர்’ என்று சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் அடி முறுகாது, ஒட்டவும் செய்யும். 20 முதல் 25 நிமிடத்தில் ஓரம் சட்டியிலிருந்து விலகி நிற்கும். சோடா மோரின் புளிப்போடு சேர்ந்த கணமே குமிழி விடத் தொடங்கும், அதனால் கலந்த மாவைக் காத்திருக்க வைக்கக் கூடாது. புளிக்காத பாலில் சோடா மட்டும் போட்டால் ரொட்டி உப்பாது, சோப்பு வாடைதான் மிஞ்சும்.

வெளியே தணலில் சுடுவதானால், மூடியில் விளிம்பு உள்ள டச்சு அவன் என்ற கனத்த வார்ப்பிரும்புப் பாத்திரம் வேண்டும். 12 அங்குலப் பாத்திரத்துக்கு மூடிமேல் 15, அடியில் 9 கரித்துண்டுகள் வைத்தால் ஏறக்குறைய 175 டிகிரி கிடைக்கும். ரொட்டிக்கு மேலே இன்னும் சிலவற்றைக் கூட்டலாம். அடியில் கூட்டினால் கருகும்.

மறுநாள் காய்ந்துபோன துண்டைக் குறுக்காகப் பிளந்து, வெட்டிய பக்கம் சட்டியில் படும்படி வைத்து வறுங்கள். நொறுங்கியது கஷ் செய்ய ஆகும். உள்நாட்டுப் போரில் (1861–65) தெற்குப் படையினரின் தட்டில் அடிக்கடி விழுந்தது அதுதான்: பேக்கனை வறுத்து எடுத்து, அந்தக் கொழுப்பில் வெங்காயம் வதக்கி, ரொட்டித் தூளைப் போட்டுப் புரட்டி, ஈரம் பரவும் அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, தண்ணீர் வற்றி அடி முறுகும்வரை வைப்பது. தண்ணீரை ஊற்றாமல் தெளியுங்கள், ஊற்றினால் கஞ்சியாகும். பேக்கனில் உப்பு இருப்பதால் தனியாக உப்பு வேண்டாம்.

ஹோமினி

காய்ந்த மணியைக் காரநீரில் வேகவைத்துத் தோல் நீக்குவது. அன்று ஓக் போன்ற கடினமரச் சாம்பலை ஊறவைத்து வடித்த நீரில் செய்தார்கள். அதன் காரம் எவ்வளவு என்று கணிக்க முடியாது, தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். உணவுத் தரச் சுண்ணாம்புத்தூள் பாதுகாப்பானது.

டென்ட் மணி 500 கிராம், தண்ணீர் 2 லிட்டர், சுண்ணாம்புத்தூள் 2 டேபிள்ஸ்பூன். எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரம் மட்டும். அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். மெல்லிய கொதியில் 30 முதல் 45 நிமிடம் வைத்தால் மணி ஆரஞ்சு கலந்த மஞ்சளாகி, விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். இறக்கி, சில மணி நேரம் ஊறவிட்டு, கசக்கித் தோலைப் போக்கி, தண்ணீர் தெளியும்வரை ஐந்தாறு முறை அலசுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று மணி நேரம் வேகவைத்தால் மணி மலர்ந்து விரியும். உப்பு கடைசியில்.

இந்தச் சுண்ணாம்பு வேலையைத் தோல் உரிப்பதற்கு மட்டும் என்று நினைத்துக் கைவிட்டவர்கள் விலை கொடுத்தார்கள். மக்காச்சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் கட்டுண்டு கிடக்கிறது. காரநீர்தான் அதை உடலுக்கு விடுவிக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெறும் மாவையே நம்பியிருந்த தெற்கு மாநில ஏழைகளிடையே பெலாக்ரா நோய் பரவியது. 1914 முதல் அதை ஆராய்ந்த மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், அது தொற்றுநோய் அல்ல, உணவுக் குறைபாடு என்று காட்டினார்.

வறுக்க, வெந்த மணியை வடிகட்டி ஒரு இரவு ஃப்ரிட்ஜில் திறந்தே வையுங்கள், மேல் ஈரம் காயும். பேக்கன் கொழுப்பில் ஒரே அடுக்காகப் பரப்பி, ஐந்து நிமிடம் தொடாமல் விட்டு, ஒருமுறை புரட்டி, ஓரங்கள் சிவந்தபின் வெங்காயம், கடைசியில் இரண்டு முட்டை. வெங்காயத்தை முதலில் போட்டால் அது விடும் நீரில் மணி வேகும், வறுபடாது. மூடியும் போடாதீர்கள்: சட்டிக்குள் மணிகள் பட்டாசு போலத் தெறித்தாலும், மூடினால் ஆவி தங்கி முறுகலை அழித்துவிடும். வலைமூடி இருந்தால் வையுங்கள்.

ஹாஷ்

நேற்று வேகவைத்த உப்பு மாட்டிறைச்சியும் ஆறிய உருளைக்கிழங்கும் சம அளவு, தலா 2 கப், கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கியது. வெங்காயம் 1, மிளகு, இறைச்சிச் சாறு கால் கப். கிழங்கு முந்தைய நாளே வெந்து குளிர்ந்திருக்க வேண்டும். சூடான கிழங்கு சட்டியில் மசிந்துவிடும். கிழங்கு போதாவிட்டால் அந்தப் பங்குக்கு ஹோமினி சேர்க்கலாம், சுவை கெடாது.

கொழுப்பில் வெங்காயத்தை வதக்கி, மற்றதைக் கொட்டி அழுத்திப் பரப்பி, சாற்றை மேலே தெளித்து, மிதமான தீயில் 10 நிமிடம். அடியில் முறுகல் படிந்ததும் பகுதி பகுதியாகப் புரட்டி, மறுபடி அழுத்தி, இன்னும் 8 நிமிடம். நியூ இங்கிலாந்தில் வேகவைத்த பீட்ரூட் சேர்த்துச் செய்வதற்கு ரெட் ஃபிளானல் ஹாஷ் என்று பெயர். பீட்ரூட் சட்டியை ஈரமாக்கும் என்பதால் அதில் சாற்றை விட்டுவிடுங்கள். ஆறிய இறைச்சியும் களியும் ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாள் தாங்கும். வடித்த பேக்கன் கொழுப்பைச் சூடாக இருக்கும்போதே துணியில் வடிகட்டி மூடிவைத்தால், கரித்தூள் தங்காததால் அடுத்த வறுவலில் கருகல் வாடை வராது.