புள்ளைக்கு ஒரு புக்கு, தமிழ் கத்துக்க வர்றவங்களுக்கு வேற புக்கு

ஏற்காட்டுல எங்க வீட்டுத் திண்ணையில சாயங்காலம் அஞ்சாறு புள்ளைங்க வந்து உக்காந்து படிப்பாங்க, கூடவே ஒடிசால இருந்து இங்க ரிசார்ட் வேலைக்கு வந்த ஒரு தம்பியும் வருவான், தமிழ் படிச்சே ஆகணும்னு அவனுக்கு அவ்ளோ ஆசை. ஆரம்பத்துல எல்லாருக்கும் ஒரே புக்கைத்தான் குடுத்தேன், முதல் லெவல்னா யாரா இருந்தாலும் முதல் லெவல்தானேன்னு. அது சரிப்படலைன்னு புரியவே ரெண்டு மாசம் ஆயிடுச்சு.

விஷயம் இதுதாங்க. நம்ம ரெண்டாங்கிளாஸ் புள்ளைக்குத் தமிழ் தெரியும், எழுத்துதான் தகராறு. காட்டெருமைன்னு ஒரு வார்த்தை இருந்தா கா, ட், டெ வரைக்கும் கூட்டிட்டு வந்தாலே போதும், மீதியை அதுவே சொல்லிடும், ஏன்னா எஸ்டேட் ரோட்டுல அதை நேர்லயே பாத்த புள்ளை. அந்தத் தம்பி கதை நேர் எதிர். ஒடியா, இந்தி ரெண்டு எழுத்தும் ஏற்கனவே படிச்சவன், நம்ம எழுத்தை ஒன்றரை மாசத்துல புடிச்சுட்டான், பக்கம் பக்கமா சத்தமா வாசிப்பான், முடிச்சுட்டு "அக்கா, எருமைன்னா என்ன?"ன்னு கேப்பான். அதனால புக்கு தேடறதுக்கு முன்னாடி, படிக்கப்போறவங்க எங்க முட்டிட்டு நிக்கறாங்க, எழுத்துலயா வார்த்தையிலயான்னு முதல்ல பாத்துக்கங்க. அட்டையில போட்டிருக்கற வயசு அதுக்கப்புறம்தான்.

முதல்ல புள்ளைங்க. பக்கத்துக்கு ஒரு வரி ரெண்டு வரி, பெரிய எழுத்து, வார்த்தைக்கு நடுவுல நல்ல இடைவெளி, அதே வார்த்தை திரும்பத் திரும்ப வரணும். படம் அந்த வரியில இருக்கற விஷயத்தையே காட்டணும், அழகா இருக்குன்னு சம்பந்தமில்லாத படம் போட்டிருந்தா புள்ளைக்கு உதவாது. 247 எழுத்தும் முடிச்சாதான் கதைப் புக்குன்னு சில வீட்டுல வச்சிருக்காங்க, தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க, அதுக்குள்ள புள்ளைக்கு ஆசையே விட்டுப்போயிடும். ஆனா எந்த எழுத்து அதிகம் வருதுன்னு ஒரு தடவை புரட்டிப் பாத்துடுங்க. கா, கி, கு எல்லாம் சுலபமா வந்துடும். கெ, கே, கை வர்றப்பதான் குழப்பம், கொம்பு முன்னாடி நிக்குது, சத்தம் பின்னாடி வருது. கொ, கோ வந்தா ரெண்டு பக்கமும் பாக்கணும், கௌ வந்தா பின்னாடி நிக்கறது ளவா இல்லையான்னு பெரியவங்களுக்கே ஒரு நிமிஷம் ஆகும். இந்த மாதிரி எழுத்து வரிக்கு ஒண்ணு ரெண்டு இருந்தா சரி, வரி பூரா இருந்தா அந்தப் புக்கை மூணு மாசம் கழிச்சு எடுங்க.

இன்னொண்ணு, ஒட்டி எழுதின வார்த்தை. "ஓடிக்கொண்டிருந்தது", "மரத்திலிருந்து" இதெல்லாம் நமக்கு ஒரே பார்வையில போயிடும், ஆனா கூட்டிப் படிக்கற புள்ளை கடைசி எழுத்துக்கு வர்றதுக்குள்ள முதல் எழுத்தை மறந்துடும். "குரங்கு ஓடியது. மரம் ஏறியது." இந்த அளவுல இருந்தா போதும். இங்க ஒரு சிக்கல் இருக்கு, புள்ளை வீட்டுல "ஏறுச்சு"ன்னு பேசும், புக்குல "ஏறியது"ன்னு இருக்கும், படத்தைப் பாத்து "ஏறுச்சு"ன்னே படிச்சுட்டுப் போகும். அதைத் தப்புன்னு அதட்டாதீங்க, அர்த்தம் புரிஞ்சுதான படிக்குது, "இங்க ஏறியதுன்னு எழுதியிருக்காங்க கண்ணு"ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். கதைமாந்தர் பேசற இடத்துல மட்டும் பேச்சுத்தமிழ் வர்ற புக்கு கிடைச்சா விடாதீங்க.

தாத்தா காலத்துப் புக்கு பரண்ல கிடந்தா அதுலயும் ஒரு கவனம் வேணும். 1978ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்துச்சு, அதுக்கு முன்னாடி அச்சடிச்சதுல லை, ளை, ணை, னை எல்லாம் தும்பிக்கை மாதிரி வளைஞ்ச பழைய வடிவத்துல இருக்கும், ணா, றா, னா கூட வேற மாதிரி. நீங்க மடியில வச்சுப் படிச்சுக் காட்டுங்க, அருமையா இருக்கும், ஆனா புள்ளை தானா படிக்க அது வேண்டாம்.

கவர்மென்ட் ஸ்கூல்ல படிக்கற புள்ளையா இருந்தா வாசிப்பு இயக்கம் புக்கு வந்திருக்கான்னு டீச்சர்கிட்ட கேளுங்க, சின்னச் சின்ன புக்கு, நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா பிரிச்சிருக்காங்க, அந்தப் பேரு எனக்கு ரொம்பப் புடிக்கும். போன்ல படிக்கணும்னா பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர்னு ஒரு வெப்சைட் இருக்கு, 2015ல ஆரம்பிச்சது, எல்லாம் இலவசம், அதுலயும் நாலு லெவல். எங்க ஊர்ல மழையும் மூடுபனியும் புடிச்சுட்டா நெட் சரியா கிடைக்காது, அதனால கீழ சேலம் போறப்பவே பிடிஎஃப் எறக்கி ஒரு ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் போட்டுட்டு வந்துடுவேன். பேப்பர்ல இருந்தாதான் புள்ளைங்க வரி மேல விரலை வச்சுப் படிக்குதுங்க.

இப்ப வெளியில இருந்து வந்து தமிழ் கத்துக்கறவங்க. இவங்களுக்குக் குழந்தைப் புக்கு சுலபமா இருக்கும்னு எல்லாரும் நெனைக்கறோம், உண்மையில அதுதான் கஷ்டம். தண்ணி சலசலன்னு ஓடுச்சு, மனசு படபடன்னு அடிச்சுது, தத்தித் தத்தி நடந்துச்சு, இந்த இரட்டைக்கிளவியும் அடுக்குத்தொடரும் நம்ம புள்ளைக்கு வெல்லம் மாதிரி, கேட்டதும் சிரிக்கும். அந்தத் தம்பிக்கு ஒவ்வொண்ணும் ஒரு மலை, டிக்‌ஷனரியில தேடினாலும் பிரயோஜனமில்ல. அவனுக்கு நேரான வாக்கியம் வேணும், தினமும் பொழங்கற வார்த்தை வேணும், வா, போ, சாப்பாடு, ரூம், சம்பளம், லீவு. அப்புறம் நம்ம எழுத்துல ஒரே கவுக்கு மூணு சத்தம், கடல், தங்கம், பகல் மூணையும் படிச்சுப் பாருங்க. புள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. வெளியூர்க்காரங்களுக்குக் கேட்டாதான் தெரியும், அதனால ஆடியோவோட வர்ற கதையா பாத்து எடுங்க, ஸ்டோரிவீவர்லயே சிலது அப்படி இருக்கு. இன்னொரு வசதி, ஒரே கதை ஒடியாலயும் இருக்கும் தமிழ்லயும் இருக்கும், முதல்ல ஒடியால படிச்சுட்டு அப்புறம் தமிழுக்கு வந்தான்னா கதை ஏற்கனவே தெரியும், வார்த்தையை மட்டும் கவனிச்சா போதும். இந்த ஒரு வழிதான் அவனுக்கு ரொம்பக் கைகுடுத்துச்சு.

சென்னையில இருக்கற துலிகா பதிப்பகம் இங்கிலீஷும் தமிழும் ஒரே பக்கத்துல இருக்கற புக்கெல்லாம் போடறாங்க. நல்லா இருக்கும், ஆனா கண்ணு தெரிஞ்ச மொழிக்குத்தான் ஓடும், அதனால அந்த வரி மேல ஒரு பேப்பரை வச்சு மறைச்சுட்டு, முட்டினா மட்டும் தூக்கிப் பாக்கச் சொல்லுங்க.

நம்ம தமிழ் மீடியம் புள்ளைங்க இங்கிலீஷ் புக்கு எடுக்கறப்ப அவங்களும் அந்தத் தம்பி நிலைமைலதான் இருக்காங்க. புத்தகத் திருவிழாவுல பளபளன்னு இருக்கற இங்கிலீஷ் பாட்டுப் புக்கை வாங்கித் தந்துட்டு படிக்கலையேன்னு கோவிச்சுக்கறோம், அதெல்லாம் வீட்டுல இங்கிலீஷ் பேசற குழந்தைக்கு எழுதினது. அதுக்குப் பதிலா வார்த்தையை எண்ணி எழுதின கிரேடட் ரீடர்னு ஒரு வகை இருக்கு. ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ்ங்கற புக்கு வரிசையில முதல் ஸ்டேஜுக்கு 400 அடிப்படை வார்த்தை, ஆறாவதுக்கு 2500. எட்டாங்கிளாஸ் படிச்சாலும் முதல் ஸ்டேஜ்ல ஆரம்பிக்கறதுல எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்ல.

புக்கை எடுக்கறதுக்கு முன்னாடி நடுப்பக்கம் ஒண்ணைப் படிக்கச் சொல்லுங்க, முதல் பக்கம் எப்பவும் சுலபமா இருக்கும். தெரியாத வார்த்தைக்கு ஒரு விரல் மடக்கணும், ஒரு பக்கத்துக்குள்ள அஞ்சு விரலும் மடங்கிட்டா கஷ்டமான புக்குன்னு பொதுவா சொல்லுவாங்க. ஆனா பக்கத்துக்குப் பத்து வார்த்தை இருக்கற புக்குல அஞ்சுன்னா பாதி போச்சே, அங்க ஒண்ணுக்கு மேல வேண்டாம். வேற மொழி கத்துக்கறவங்களுக்கு இன்னும் கறாரா இருக்கணும். நியூசிலாந்துல இருக்கற மொழியியல் பேராசிரியர் பால் நேஷனும் ஹூவும் 2000ல பண்ணின ஆராய்ச்சியில, யார் உதவியும் இல்லாம கதையைப் புரிஞ்சு படிக்கணும்னா நூத்துக்கு 98 வார்த்தை தெரிஞ்சிருக்கணும்னு வந்துச்சு. நூறுக்கு ரெண்டுதான். பக்கத்துல நீங்க உக்காந்து சொல்லித்தர்றதா இருந்தா கொஞ்சம் கூடுதலா இருக்கலாம்.

லைப்ரரிக்குப் போனா நான் ஆளுக்கு மூணு எடுப்பேன். ஒண்ணு தண்ணி பட்ட பாடா படிச்சுத் தள்ளற மாதிரி, ஒண்ணு சரியான அளவுல, மூணாவது அவங்க இஷ்டத்துக்கு. அந்த மூணாவதுல மட்டும் நான் வாயே தொறக்க மாட்டேன். ஒரு வாண்டு போன வாரம் பாம்பு பத்தின குண்டு புக்கு ஒண்ணைத் தூக்கிட்டு வந்துச்சு, அதுல ஒரு வரி கூட அதால படிக்க முடியாது, ஆனா படத்துக்குக் கீழ இருக்கற பேரை மட்டும் ஒவ்வொண்ணா கூட்டிக்கிட்டே இருக்கு, இதுவரைக்கும் கண்ணாடி விரியன் வரைக்கும் வந்திருக்கு.