புது டயர் போட்டதும் காரு ஊளையிடுதா? கடைக்காரர்ட்ட சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

நாலு டயரும் மாத்திட்டு மவுண்ட் ரோட்ல இருந்து கிண்டி தாண்டலை, அதுக்குள்ள ஊஊன்னு ஒரு சத்தம், இவ்ளோ காசு போட்டும் இப்டியான்னு எனக்கு வயிறு எரிஞ்சுது. டயரத் திட்டாதீங்க, மொதல்ல காத்தப் பாருங்க. டயர் ரிம்முல நல்லா உக்காரணும்னு கடைல ஜாஸ்தியா ஏத்துவாங்க, அப்பறம் எறக்க மறந்துடுவாங்க. டிரைவர் கதவத் தெறந்தா ஓரத்துல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல போட்டிருக்கதுதான் உங்க வண்டிக்கு கணக்கு, காலைல வண்டி ஓட்டுறதுக்கு முன்னாடி செக் பண்ணுங்க. எனக்கு காத்து 42 psi இருந்துச்சு, 33க்கு எறக்குனதும் பாதி சத்தம் காணோம்.

மீதி பாதிதான் தலவலி. புது டயர்ல பட்டன் (ரோட்ட தொடுற பக்கம் இருக்க மேடு பள்ளம்) ஆழமா இருக்கும், கொஞ்சம் இரைச்சல் வரத்தான் செய்யும், ஆனா அது ரோட்டுக்கு ரோடு மாறும், சிமெண்ட் ரோட்ல ஜாஸ்தி, புதுசா போட்ட தார் ரோட்ல கம்மி. எந்த ரோட்ல போனாலும் ஒரே ஊளை, ஸ்பீடு ஏற ஏற அதுவும் ஏறுதுன்னா வீல் பேரிங் (சக்கரம் ஈஸியா சுத்த நடுவுல இருக்க பார்ட்) மேல சந்தேகப்படுங்க. கத்திப்பாரா மேம்பாலத்துல லெஃப்ட்லயே சுத்திக்கிட்டு எறங்குற வளைவு இருக்குல்ல, அதுல போகும்போது வண்டி வெயிட்டு ரைட் சைடு சக்கரத்துல எறங்கும், அங்க சத்தம் கூடுச்சுன்னா பெரும்பாலும் ரைட் சைடு பேரிங் காலி. என் வண்டில அதேதான், மொட்டை டயர் போட்ட கூச்சல்ல இத்தன நாள் அது கேக்கவே இல்ல, புது டயர் வந்ததும் மாட்டிக்கிச்சு, நான் கடைக்காரர்ட்ட கத்துனது மட்டும்தான் மிச்சம் 😅

அடுத்தது, டயர் சைடுல அம்புக்குறி போட்டிருந்தா அது வண்டி முன்னாடி போறப்ப சக்கரம் சுத்துற பக்கம் இருக்கணும். சில டயர்ல "அவுட்சைடு"ன்னு எழுதிருக்கும், அந்தப் பக்கம் வெளில தெரியணும். அம்புக்குறிய திருப்பி மாட்டிருந்தா சத்தமும் வரலாம், மழைல தண்ணிய ஒழுங்கா வெளிய தள்ளாது, ஐப்பசி கார்த்திகைல வேளச்சேரி பக்கம் ஓட்டுறவங்களுக்கு நான் சொல்லவே வேணாம்.

டிக் டிக்னு வந்தா பட்டன்ல கல்லு மாட்டிருக்கும், ஸ்க்ரூட்ரைவர்ல நோண்டி எடுங்க. சர் சர்னு ஒரசுனா பிரேக் டிஸ்க் பின்னாடி இருக்க தகடு சக்கரத்த கழட்டி மாட்டும்போது வளைஞ்சிருக்கலாம், மெக்கானிக் கையாலயே நிமித்தி விட்டுடுவாரு. 80 கிலோமீட்டர் ஸ்பீடுக்கு மேல ஸ்டீயரிங் ஒதறுனா வீல் பேலன்சிங், அதாவது சக்கரம் சுத்தி வெயிட்டு சமமா இல்ல.

டக் டக்னு வந்தா மட்டும் வீடு வரைக்கும் ஓட்டிடலாம்னு நெனைக்காதீங்க!! ஓரங்கட்டி வீல் நட்டப் பாருங்க. சத்தமே வரலன்னாலும் 100 கிலோமீட்டர் ஓடுறதுக்குள்ள ஒருக்கா டைட் பண்ணிக்கோங்க.

ரெண்டு டயர் மட்டும் மாத்துனவங்க அந்த பழைய ரெண்டையும் கையால தடவிப் பாருங்க, ஒரு பக்கமா தடவுனா வழவழன்னும் திருப்பித் தடவுனா ரம்பம் மாதிரியும் இருந்தா சத்தம் அதுலேர்ந்துதான் வருது, அலைன்மென்ட் (சக்கரம் நிக்கிற கோணத்த சரி பண்றது) பண்ணாலும் தேஞ்சது தேஞ்சதுதான்.